பத்து வயதுக்குத் தாவணி

என் அம்மா மீனம்மாவுக்கு அடக்கம் போதாது என்று எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இன்றைக்கும் சொல்வார்கள். சொல்லிக்கொள்ளட்டும். அவள் அடங்கியிருந்தால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

ஐம்பத்தாறாம் ஆண்டு, இலங்கை மலைநாட்டில் நோர்வூட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். பத்து வயதில் நான் பெரியவளானேன். கூடப் படித்தவர்களில் எவளும் ஆகவில்லை. என் உடம்புக்கு மட்டும் என்ன அவசரமோ. தாய்மாமன் நான் ஒதுங்கியிருக்கக் குச்சில் கட்டினார், பதினாறாம் நாள் தண்ணீர் ஊற்றினார்கள், இடுப்பில் நிற்காத தாவணியைச் சுற்றிவிட்டார்கள். அதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. எங்கள் தோட்டத்தில் பிள்ளைக்கு எத்தனை வயது என்று யாரும் கேட்பதில்லை. சடங்கு முடிந்தால் அவள் பொம்பளை, அவ்வளவுதான்.

என்னோடு விளையாடிய நாகலெட்சுமியை அவள் தாய் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். மலைநீர் விழும் பீலியில் தண்ணீர் பிடிக்கப் போனால் ஆண்கள் என் முகத்தைப் பார்ப்பதில்லை, வேறெங்கோ பார்த்தார்கள். எனக்கு என் உடம்பே பிடிக்காமல் போயிற்று. சோறு இறங்கவில்லை. பேச்சு நின்றது. அழுகையும் வரவில்லை. ஒரே ஒரு நாள் அம்மாவிடம், "எனக்கு இந்த ஒடம்பு வேணாம்மா" என்றேன். அன்று அம்மா அடுப்புப் பற்றவைக்கவில்லை.

கங்காணி பழனியாண்டி அப்பாவிடம் சொன்னார்: "கன்னிப்புள்ளய முனி அடிச்சிருக்கு, மூக்கா. வெள்ளிக்கெழம கோடாங்கிய வச்சு ஓட்டிரு. திங்கக்கெழம பெரட்டுல பேர் போட்டுக்கலாம், கொழுந்துக் கூடையத் தூக்கட்டும்." அப்பா தலையாட்டினார். அவர் யாருக்குத்தான் ஆட்டவில்லை?

வெள்ளிக்கிழமை கோடாங்கி உடுக்கையோடும் வேப்பங்குழையோடும் வந்தான். அம்மா வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள்.

"பூரணிய எந்த முனியும் அடிக்கல. நாமதான் அடிச்சோம். பத்து வயசுப் புள்ளைக்குத் தாவணியச் சுத்தி மூலையில ஒக்கார வச்சுட்டு, பேச மாட்டேங்குதுன்னு பேயத் தேடுறீங்களாக்கும்?"

"பொம்பள பேசுற பேச்சா இது?" என்றார் கங்காணி.

"பெத்தவ பேசுற பேச்சு. அடிக்கிறதுன்னா மொதல்ல என்னைய அடிங்க."

கோடாங்கி கங்காணியைப் பார்த்தான். கங்காணி அப்பாவைப் பார்த்தார். அப்பா தரையைப் பார்த்தார். கோடாங்கி உடுக்கையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடையைக் கட்டினான். நல்ல ஆண்பிள்ளைகள்.

திங்கட்கிழமை விடியலில், வேலைக்கு ஆள் எண்ணும் பெரட்டு நேரத்தில் அம்மா என் தாவணியை உருவி எறிந்தாள். பழைய கவுனை மாட்டிவிட்டு, பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு நடந்தாள். வாசலுக்கு வாசல் நின்று வேடிக்கை பார்த்தார்கள். "வெக்கங்கெட்டவ" என்று ஒருத்தி சொன்னது எனக்கே கேட்டது.

வாத்தியார் கனகலிங்கம் யாழ்ப்பாணத்துக்காரர். என்னைப் பார்த்துத் தயங்கினார். "சனம் கதைக்குமெல்லே, அம்மா."

"பேசட்டும் சார். எம்புள்ள பேசலங்கிறதுதான் எனக்குப் பயம்."

அவர் பெஞ்சைக் காட்டினார்.

இடைவேளையில் எவளோ என்னைத் தொட்டுவிட்டு ஓடினாள். துரத்தினேன். கல் தடுக்கிக் குப்புற விழுந்தேன், முழங்கால் கிழிந்தது. அத்தனை நாள் எங்கே கிடந்ததோ, அப்படி ஓர் அழுகை வந்தது. வாத்தியார் பதறிப்போய்த் தூக்க ஓடிவந்தார். அம்மா இன்னும் போகாமல் வேலிக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள்.

"தூக்காதீங்க சார்," என்றாள். அவளும் அழுதுகொண்டிருந்தாள். "அழட்டும். எம்புள்ள அழுது நாப்பது நாளாச்சு."