நாலு ரிங் அடித்தால் கூப்பிடு

ஜெபாவுக்கு எதையும் சுருக்கமாகச் சொல்ல வராது. தேனியில் ஒரு கேபிள் டிவி அலுவலகத்தில் பதினோரு வருஷம் புகார் போனை எடுத்துப் பேசிய வாய் அது. அங்கேயே வயர் இழுக்கவும் ரூட்டர் மாட்டவும் கற்றுக்கொண்டு, போன வருஷம் தனியாகக் கடை போட்டாள். பெயர்ப் பலகை என்னவோ பெரிய கம்பெனி மாதிரித்தான் இருக்கும். உள்ளே ஒரு மேசை, ஒரு ஏணி, ஜெபா. வந்ததெல்லாம் சிசிடிவி கேமரா மாட்டுகிற வேலை.

முதல் பெரிய வேலை வைகுண்டராஜ் அண்ணாச்சியிடமிருந்து வந்தது. ஏலக்காய் வியாபாரி. தேனியில் தலைமைக் கடை. போடி, சின்னமனூர், கம்பத்தில் கிளைகள். போடி மேனேஜர் வேலையை விட்டுப் போனபோது அவருடைய செல்போனும் கூடவே போய்விட்டது. அதிலிருந்த ஐந்நூறு விவசாயிகளும் போனார்கள். அண்ணாச்சிக்கு ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. இனி நம்பர் கடையோடு இருக்கட்டும், ஆளோடு போக வேண்டாம் என்று முடிவு செய்து, நாலு ஊருக்கும் சேர்த்து இன்டர்நெட் போன் மாட்டச் சொன்னார்.

"ஒரு வாரம் பாப்பேன். சரிப்பட்டு வரலைன்னா நீயே வந்து கழட்டிட்டுப் போயிரணும். என்னம்மா?"

ஜெபா தலையாட்டினாள். சரிப்பட்டு வந்தால் பஜாரில் பாதிக் கடை அவள் கைக்கு வந்துவிடும். வராவிட்டால் சேதி சாயங்காலத்துக்குள் பஜார் முழுக்கப் பரவும், ஆயுசுக்கும் கேமராதான்.

நாலு நாளில் வேலை முடிந்தது. ஒவ்வொரு கிளையிலும் நின்று ஒரு மணி நேரம் விளக்கினாள். எல்லோரும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். தன் சாமர்த்தியத்தில் ஒரு ஏற்பாடும் செய்திருந்தாள்: ஒரு கிளையில் மூன்று ரிங் வரை யாரும் எடுக்காவிட்டால், அழைப்பு அடுத்த கிளைக்குத் தாவிவிடும். எந்த விவசாயியும் காத்துக் கிடக்கக் கூடாதல்லவா?

ஐந்தாம் நாள் மதியம் அண்ணாச்சி கூப்பிட்டார்.

"கம்பத்துல காலையிலருந்து ஒரு மூடை வாங்கல. சரக்கோட வந்த சம்சாரிகளத் திருப்பி அனுப்பிட்டானுக. சின்னமனூர்ல லோடுமேன் ஆறு பேரு ரோட்டப் பாத்து நிக்கானுக, வராத லாரிக்கு! எல்லாம் ஓம் போனு வந்த நேரம். மொதல்ல கம்பத்துல கழட்டு."

ஜெபா விளக்க ஆரம்பிப்பதற்குள் வைத்துவிட்டார்.

கம்பம் போகிற பஸ்ஸில் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனாலும் கழட்டுகிற போனைப் போட எடுத்துவந்த காலி அட்டைப் பெட்டியை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, எங்கே தப்பு என்று வழி நெடுக யோசித்தாள். ஒன்றும் பிடிபடவில்லை.

கம்பம் மேனேஜர் சீனிச்சாமி ஐம்பதைத் தாண்டியவர். போனுக்கு எதிரில் பென்சிலும் கையுமாக உட்கார்ந்திருந்தார். போன் திரையில் அண்ணாச்சியின் எடுக்காத அழைப்பு ஒன்று கிடந்தது.

"அண்ணே, காலையில அண்ணாச்சி போன் பண்ணுனப்ப ஏன் எடுக்கல?"

"எடுக்கவா?" சீனிச்சாமி திடுக்கிட்டார். "எடுத்துட்டா எத்தன ரிங்குன்னு எப்பிடித்தா எண்ணுறது?"

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. ஒரு ரிங் அடித்தால் லாரி கிளம்பிவிட்டது. இரண்டு என்றால் வந்து சேர்ந்துவிட்டது. மூன்று என்றால் விலை இறங்குகிறது, வாங்குவதை நிறுத்து. நாலு அடித்தால் மட்டும் திருப்பிக் கூப்பிடு. போன் பேச்சுக்கு நிமிஷக் கணக்கில் காசு போன காலத்தில் அண்ணாச்சி போட்ட சட்டம். ஊர் உலகமெல்லாம் நாள் பூராவும் சும்மா பேசித் தள்ளுகிற காலம் வந்த பிறகும் அவர் அதை மாற்றவில்லை. காசு மிச்சமாகாவிட்டால் என்ன, பேச்சாவது மிச்சம்.

ஜெபா விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். அண்ணாச்சி நாலு ரிங் விட்டிருக்கிறார். மூன்று கம்பத்தில் அடித்திருக்கிறது, வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். நாலாவது சின்னமனூருக்குத் தாவி ஒற்றை ரிங்காக அடித்திருக்கிறது. லாரி கிளம்பிவிட்டதென்று அவர்கள் ரோட்டுக்கு ஓடியிருக்கிறார்கள். நாலு ஊருக்கும் போய் மணிக்கணக்கில் பேசியவள், நீங்கள் போனை எப்படிப் பயன்படுத்துகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. சீனிச்சாமி பென்சிலை எடுத்தார்.

"எடுங்கண்ணே. ஒரே ஒரு தடவ, எனக்காக."

"மொதலாளி வைவாக, ஆத்தா."

ஜெபா ஸ்பீக்கர் பொத்தானை அமுக்கிவிட்டாள். சீனிச்சாமி விருட்டென்று எழுந்து நின்றார். "மொதலாளி?"

மறுமுனையில் அண்ணாச்சி. நாலு ரிங் விட்டு வைக்கத் தயாராக இருந்தவர், பேசத் தயாராக இல்லை.

"கழட்டியாச்சா?"

"இன்னும் இல்லைங்க."

"ம். சாப்ட்டியா?"

"ஆச்சுங்க."

"வீட்டுல சுப்புத்தாயி நல்லாருக்காகளா?"

"இப்பத் தேவலைங்க. ஆடியில நெஞ்சு வலின்னு பத்து நாளு தேனி பெரியாஸ்பத்திரியில கெடந்தா."

"தேனியிலயா? நீ ஒரு நாளு லீவு போடலையேப்பா!"

"பகல்ல இங்கன கடையப் பாத்துட்டு, சாயங்காலம் பஸ்ஸேறி அங்கன போயிருவேனுங்க."

"எங்கிட்டச் சொல்லக் கூடாதா?"

சீனிச்சாமி சங்கடத்தோடு பென்சிலைப் பார்த்தார். கோபமெல்லாம் இல்லை, கேட்டதற்குப் பதிலாகத்தான் சொன்னார்:

"அதுக்கு எத்தன ரிங்குன்னு நீங்க சொல்லலையே, மொதலாளி."

மறுமுனையில் அண்ணாச்சி ஃபேனை நிறுத்துகிற சத்தம் கேட்டது.

"அந்தப் பிள்ளைகிட்ட கழட்ட வேணாம்னு சொல்லு. நீ உக்காரு. உக்காந்து, மொதல்லருந்து சொல்லு."