உப்பு பார்த்த கை

எங்கள் சபைப் பெண்களெல்லாம் சேர்ந்து புதன்கிழமை சாயங்காலம் வீட்டு ஜெபம் நடத்துவோம். வாரத்துக்கு ஒரு வீடு. பாட்டு, ஜெபம், முடிந்ததும் அந்த வீட்டுக்காரி கையால் சுண்டலோ வடையோ. முறை வந்துவிட்டால் யாரும் தாண்டக் கூடாது என்பது சட்டம். அந்தச் சட்டத்தைப் போட்டவள் நான்தான். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள் போட்ட சட்டம் இன்றைக்கும் நிற்கிறது என்பதில் எனக்குப் பெருமைதான். தையல் தைக்கிற பெண் ஒருத்தி, "எங்க வீடு ஒழுகுதுக்கா, இந்த வாரம் வாணாம்" என்று ஒருமுறை சொன்னாள். நான் குடையோடு போய், அவள் கூடத்திலேயே குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு பாடினேன். கஷ்டம் இருக்கிற வீட்டுக்குத்தானே ஜெபம் வேண்டும்?

பேசுவது சுலபம். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு காலையில் என் வீட்டுக்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. கீழ்பென்னாத்தூருக்கு பஸ் ஓட்டியவர். எத்தனையோ சனத்தை இறக்க வேண்டிய இடத்தில் பத்திரமாக இறக்கிவிட்டவர், சொல்லாமல் கொள்ளாமல் இறங்கிப் போய்விட்டார்.

காரியமெல்லாம் முடிந்து மகளும் வேலூருக்குப் போன பிறகு நான் அடுப்பு பற்றவைக்கவில்லை. பசிக்கும்போது பக்கத்து டீக்கடையில் பன் வாங்கி, தண்ணீரில் நனைத்துத் தின்றேன். சமைத்து எடுத்து வந்தவர்களை வாசலோடு அனுப்பினேன். பத்துப் பேருக்குப் போட்ட கை அடுத்தவர் தட்டுக்கு நீளுமா? யார் முன்னாலும் அழவும் இல்லை. சர்ச்சுக்கும் போகவில்லை. ஆண்டவரோடு டூ விட்டிருந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். நீ கேட்காமல் எடுத்துக்கொண்டாய், இனி நானும் உன்னிடம் ஒன்றும் கேட்க மாட்டேன் என்று.

அப்போது பார்த்து என் முறை வந்தது. டவுனுக்குச் சர்க்கரை வாங்கப் போன டீக்கடைக்காரரிடம், இந்த வாரம் யாரும் வர வேண்டாம், இனி எந்த வாரமும் என்னை விட்டுவிடுங்கள் என்று சபைப் பெண்களுக்குச் சொல்லி அனுப்பினேன். அந்த மனுஷன் அதைச் சொன்னதோடு நிற்காமல், "அந்தம்மா வீட்ல அடுப்பே எரியலைங்க" என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

அந்தப் புதன்கிழமை பௌர்ணமி. என் வீடு அடி அண்ணாமலையில், மலை சுற்றும் பாதையின் ஓரத்திலேயே இருக்கிறது. பௌர்ணமியன்று அந்தப் பாதையில் ஆட்டோகூட நுழையாது. யாரும் வர மாட்டார்கள் என்று நிம்மதியாகக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பொழுது சாயும் நேரத்தில் கதவு தட்டப்பட்டது.

"அக்கா, நாங்கதான். கதவத் தொறங்க."

தையல்காரியின் குரல். சபைப் பெண்கள் டவுனிலிருந்து கிரிவலக் கூட்டத்தோடு கூட்டமாக நடந்தே வந்திருந்தார்கள், தலையில் ஒரு குண்டான் சுண்டலோடு.

"வர வாணாம்னு சொல்லி அனுப்பினேன் இல்ல?" என்றேன் உள்ளிருந்தே.

"முறையைத் தாண்டக் கூடாதுன்னு சட்டம் போட்டது யாரு? ஒழுகற வீட்ல கொடை புடிச்சிக்கினு பாடினது யாரு?"

"அது வேற."

"இன்னா வேற? சரி, நீங்க உள்ளயே இருங்க. நாங்க வாசல்ல உக்காந்து பாடறோம்."

எங்கள் தலைவியம்மா ஓய்வுபெற்ற நர்ஸ். ஊசி போடுகிற அதே நிதானத்தோடு, "எல்லாரும் உக்காருங்கம்மா" என்று சொன்னது எனக்குக் கேட்டது. பாட ஆரம்பித்தார்கள்.

நம் ஊரில் பௌர்ணமியன்று, வெள்ளைச் சேலை கட்டிய பெண்கள் பாதையோரத்தில் ஒரு குண்டானை வைத்துக்கொண்டு பாடினால் என்ன அர்த்தம்? ஆசிரமத்தில் அன்னதானம் என்றுதானே அர்த்தம்! ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்தேன். வாசலிலிருந்து புளியமரம் வரை வரிசை நின்றது.

"எந்த ஆசிரமம்ங்க இது?" என்று ஓர் அம்மாள் கேட்டாள்.

"ஆசிரமம் இல்லிங்க, சர்ச்சு" என்றாள் தையல்காரி.

"எதுவா இருந்தா இன்னாம்மா, காலு ஒடியுது, பசி உயிர் போவுது. கொஞ்சம் ஜாஸ்தியா வைய்யி."

தலைவியம்மா சிரித்துக்கொண்டே சுண்டலை அள்ளி வைத்தார். அந்தக் குண்டான் எத்தனை பேருக்குத் தாங்கும்? சீக்கிரமே கரண்டி அடியைச் சுரண்டும் சத்தம் கேட்டது. வரிசையில் நின்ற ஒருவர் என் சாத்திய கதவைப் பார்த்துவிட்டு, "பாவம், இல்லாத வீடு போல. வாங்க போலாம்" என்றார்.

இல்லாத வீடா? என் வீடா?

கதவைத் திறந்துகொண்டு எப்படி வெளியே வந்தேன் என்று எனக்கே தெரியாது. "யார் சொன்னது இல்லாத வீடுன்னு? யாரும் போவக் கூடாது. எல்லாரும் அப்படியே உக்காருங்க!"

தையல்காரி தலையைக் குனிந்துகொண்டாள். சிரிக்கிறாள் என்று தோள் குலுங்கியதில் தெரிந்தது. அவளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன்.

காரியத்துக்கு வாங்கிய ரவை மிச்சம் மூட்டையிலேயே இருந்தது. பின்கட்டு விறகடுப்பில் பூனை படுத்திருந்தது. அதை விரட்டிவிட்டு, சாம்பலை அள்ளிப்போட்டு நெருப்பு மூட்டினேன். டீக்கடைக்காரர் கேட்காமலே அண்டாவைத் தூக்கி வந்தார். தலைவியம்மா வெங்காயம் நறுக்கினார். உப்புமா கொதித்து இறுகி வந்தது.

கரண்டியில் கொஞ்சம் எடுத்து ஊதி ஆறவைத்துவிட்டு, பழக்கத்தில் பக்கவாட்டில் நீட்டினேன். அங்கே யாரும் இல்லை.

எங்கள் வீட்டில் உப்பு பார்ப்பது அவர் வேலை. வண்டியிலிருந்து வந்து, காக்கிச் சட்டையோடு அடுப்பங்கரையில் நின்று உள்ளங்கையை நீட்டுவார். நாக்கில் வைத்துவிட்டு, எந்நாளும் ஒரே தீர்ப்பு: "உப்பு கம்மி."

நீட்டிய கையை மடக்கத் தெரியாமல் நின்றேன். அப்போது கரண்டிக்குக் கீழே ஒரு கை வந்தது. ஊசி குத்திக் காய்த்த விரல்கள்.

"குடுங்கக்கா, நான் பாக்கறேன்."

உள்ளங்கையில் வைத்தேன். தையல்காரி வாயில் போட்டாள். முகம் கோணிப்போயிற்று.

"ஐயய்யோ அக்கா! உப்பு ஜாஸ்தி! கடலு!"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவர் கம்மி கம்மி என்று சொல்லிச் சொல்லியே என் கையை உப்புக்கையாக ஆக்கிவிட்டுப் போயிருக்கிறார் மனுஷன்! இதை அவர்களிடம் சொல்லிச் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகையும் வந்துவிட்டது. அடுப்புப் பக்கம் திரும்பி நின்று மறைக்கப் பார்த்தேன். தலைவியம்மா முதுகில் கை வைத்தார். நானும் அந்தக் கையைத் தள்ளவில்லை. தையல்காரி அவள் பாட்டுக்கு, உப்பு மட்டுப்பட இன்னும் கொஞ்சம் ரவையை வறுத்து வெந்நீரோடு கொட்டிக் கிளறினாள்.

பரிமாறும் முன் தலைவியம்மா, "வீட்டுக்காரிதான் ஜெபம் பண்ணணும்" என்றார். அதுவும் நான் போட்ட சட்டம்தான். வாசல் நிறைய நெற்றியில் திருநீறோடு சனம் உட்கார்ந்திருந்தது. கண்ணை மூடினேன். அத்தனை நாள் பேசாதவரிடம் எதைச் சொல்லி ஆரம்பிப்பது?

"ஆண்டவரே, உப்பு இன்னும் கொஞ்சம் ஜாஸ்தியாத்தான் இருக்குது. தூரம் நடந்து வந்த சனம். யாருக்கும் வயிறு ஒண்ணும் ஆவாம பாத்துக்கோ. ஆமென்."

வரிசையில் சிலரும் சேர்ந்து ஆமென் என்றார்கள். ஒரு பெரியவர் பழக்கத்தில் அரோகரா என்றார். இனி ஒன்றும் கேட்க மாட்டேன் என்றவள், வாயைத் திறந்ததும் முதல் வேலையாகக் கேட்டுவிட்டேன். டூ அதோடு முடிந்தது. யாருக்கும் வயிறும் ஒன்றும் ஆகவில்லை.

அடுத்த புதன்கிழமை தையல்காரி வீட்டு முறைக்கு முதல் ஆளாகப் போய் உட்கார்ந்து, அவள் கொடுத்த வடையைத் தட்டில் வாங்கித் தின்றேன். அடுத்த பௌர்ணமிக்கு என் வாசலில் ஒரு கூட்டம் வந்து நின்றது.

"அம்மா, ஆசிரமத்துல சாப்பாடு எப்பங்க?"

"இப்பத்தான் உலை வச்சிருக்கேன், உக்காருங்க" என்றேன். "யாராவது ஒருத்தர் உள்ள வாங்க, உப்பு பாக்கணும்."