ஊர்சுற்றி எண்ணாத படிகள்

அவருக்கு ஊர்சுற்றி என்று பெயர் வைத்தவன் யாரோ, நல்ல குசும்பு பிடித்தவன். அவர் எந்த ஊரையும் சுற்றியதில்லை. பஸ்ஸில் ஏறி இரண்டு வளைவு திரும்பினால் போதும், வயிற்றில் இருப்பதெல்லாம் வாய்க்கு வந்துவிடும். கல்யாணமான புதிதில் மாமியார் வீட்டுக்குப் போகிற வழியில் மூன்று தடவை வண்டியை நிறுத்தச் சொன்ன ஆள். அப்படிப்பட்டவர் செய்த தொழில், அடுத்தவர்களை உல்லாசப் பயணம் அனுப்புவது.

பத்தொன்பது வருஷம் ஒரு டிராவல்ஸ் ஆபீஸின் பின்னறையில் உட்கார்ந்து டிக்கெட் போட்டார். அதை இழுத்து மூடினார்கள். அதற்குப் பிறகு வீடே ஆபீஸ், சாப்பாட்டு மேஜையே சீட். மேஜையின் ஒரு பக்கம் அவருடைய லேப்டாப்பும் ஐந்து நோட்டுப் புத்தகங்களும். மறுபக்கம் சாப்பாட்டுத் தட்டு வைக்க ஒரு முழம் இடம். அதே அறையின் ஜன்னலோரம் மனைவியின் தையல் மிஷின். போன் அடித்தால் அந்தம்மா மிதியிலிருந்து காலை எடுத்துவிடுவார். பேசுகிறவர்களுக்கு இது வீடு என்று தெரியக்கூடாதாம். குக்கர் விசில் அடித்துக் காட்டிக்கொடுத்த நாட்களும் உண்டு.

தொழிலில் ஆள் சோடை இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். போய்வந்தவர்கள் எழுதிப் போட்டதையெல்லாம் உட்கார்ந்து படிப்பார். வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பார். விடுதிக்குப் போன் போட்டு, வெந்நீர் எத்தனை மணி வரை வரும், சாயங்கால வெயில் எந்தப் பக்கத்து அறையில் விழும், ராத்திரியில் நாய் குரைக்குமா என்றெல்லாம் குடைந்து எடுப்பார். எல்லாம் நோட்டில் ஏறும். வாடிக்கைக்காரரை ஊரில் கொண்டுபோய் இறக்கிவிட்டுக் கைகழுவுகிற ஆளும் இல்லை. அவர்கள் வீடு திரும்பிய அன்றைக்குச் சாயங்காலம் ஒரு போன் போட்டு, எப்படி இருந்தது என்று கேட்பார். அது அவர் வைத்திருந்த வழக்கம்.

கெட்டது ஒரே ஒரு வார்த்தையால்தான். ஆரம்பத்தில் ஒருத்தர், "நீங்க போயிருக்கீங்களா?" என்று கேட்டார். இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தவர், "ரெண்டு தடவை" என்று சொல்லிவிட்டார். கேட்டவர் அந்த நிமிஷமே சரி என்றார். அன்றிலிருந்து நாக்குக்கு ருசி கண்டுவிட்டது. மலைக்குப் போனார், தீவுக்குப் போனார், பனியில் சறுக்கி விழுந்து முழங்காலைக்கூடப் பெயர்த்துக்கொண்டார். எல்லாம் அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடி.

போனை வைத்ததும் மனைவி கேட்பார், "போயிட்டு வந்தாச்சா?"

"ம்."

"குளிருச்சா?"

"வேலையைப் பாரு."

"இல்ல, ஸ்வெட்டரைத் துவைக்கணுமான்னு கேட்டேன்."

இப்படியே ஓடிக்கொண்டிருந்த வண்டியில்தான் லேத்துக்காரரும் அவர் மனைவியும் வந்து ஏறினார்கள்.

லேத்துக்காரருக்கு வயது அறுபது இருக்கும். நான்கு தெரு தள்ளிப் பட்டறை, பட்டறைக்குப் பின்னாலேயே வீடு. கைரேகை பூராவும் கருப்பு எண்ணெய் இறங்கிய மனிதர். அவர் மனைவிக்கு இடுப்பில் ஆபரேஷன் நடந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. கைத்தடி ஊன்றிச் சமதரையில் நடப்பார். படி என்றால் முடியாது. கல்யாணமாகி முப்பத்துநான்கு வருஷத்தில் இரண்டு பேரும் சேர்ந்து எங்கேயும் போனதில்லை. போனில் பேசாமல் நேரிலேயே வந்து, அந்த ஒரு முழம் இடத்துக்கு முன்னால் உட்கார்ந்தார்கள்.

ஊர்சுற்றி லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினார். குன்று மேல் வெள்ளையாக ஒரு விடுதி. ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினால் தொட்டுவிடலாம் போலக் கடல்.

அந்த அம்மா படத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, எனக்கு ஒண்ணே ஒண்ணுதான். கடல்ல கால் நனைக்கணும். மத்தபடி சாப்பாடு எப்படி இருந்தாலும் சரி, மெத்தை எப்படி இருந்தாலும் சரி. படி கிடி இருந்தா இப்பவே சொல்லிடுங்க."

கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். இரண்டு வார்த்தை. ஆனால் அதற்குச் சற்று முன்னால்தான், அந்த விடுதியில் நான்கு நாள் தங்கினேன், ஒரு சுற்றுப் பெருத்துத் திரும்பினேன் என்று அளந்துவிட்டிருந்தார். தங்கினவன் எதற்குக் கேட்டுச் சொல்ல வேண்டும்?

"படியா? ஒரு படி கிடையாது அண்ணி. கதவைத் திறந்தா மணல். நானே செருப்பைக் கையில தூக்கிக்கிட்டு நடந்தேன்."

ஜன்னலோரம் மிஷின் சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஓடியது.

"அப்ப சரி," என்றார் லேத்துக்காரர். மனைவியைப் பார்த்து, "தம்பி நடந்தே பாத்திருக்காரு. அப்புறம் என்ன?"

அவர்கள் போன பிறகு மனைவி கிண்டல் செய்யவில்லை. அதுவே ஊர்சுற்றிக்கு உறுத்தியிருக்க வேண்டும்.

"அந்த அக்கா தடி ஊனிக்கிட்டு வந்தாங்க. ஒரு போன் போட்டுக் கேட்டுடுங்க."

"கேக்கறேன், கேக்கறேன்."

கேட்கவில்லை. மறதி இல்லை, சோம்பல் இல்லை. ஒருவேளை படி இருக்கிறது என்று விடுதிக்காரன் சொல்லிவிட்டால், எந்த முகத்தை வைத்துக்கொண்டு அதை அந்த அம்மாவிடம் சொல்வது? கேட்காமல் இருந்தால் இல்லாமலும் இருக்கலாம் அல்லவா. அறை கிடைத்தது, வண்டி ஏற்பாடானது, இரண்டு பேரும் கிளம்பிப் போனார்கள்.

ஐந்தாம் நாள் சாயங்காலம் வழக்கப்படி போன் போட்டார்.

"நல்லா இருந்துச்சு தம்பி," என்றார் லேத்துக்காரர். "நல்ல மனுஷங்க. நல்லாப் பாத்துக்கிட்டாங்க. இந்தாங்க, அவகிட்டப் பேசுங்க."

"நல்லா இருந்துச்சு தம்பி," என்றார் அந்த அம்மாவும். பிறகு, "ஜன்னல் நல்ல பெரிசு," என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். கடலுக்குப் போய்வந்தவர்கள் கடலைச் சொல்வார்கள், மணலைச் சொல்வார்கள், வெயிலில் கருத்துப்போனதைச் சொல்வார்கள். ஜன்னலைச் சொல்வார்களா?

அப்போதுதான் விடுதிக்குப் போன் போட்டார்.

"படிங்களா? நூத்தி முப்பத்திரண்டு சார்," என்றான் அங்கே இருந்தவன். "இறங்கறது சுலபம் சார். ஏறும்போதுதான் நம்ம வயசு தெரியும்." என்னவோ பெரிய நகைச்சுவை சொன்னவன் போலச் சிரித்தான்.

அன்றைக்குப் பிறகு ஊர்சுற்றி பட்டறை இருக்கும் தெருப் பக்கமே போகவில்லை. கடைக்குப் போவதென்றால் பள்ளிக்கூடத்தைச் சுற்றிக்கொண்டு போவார். தூரத்தில் யாராவது தடி ஊன்றி நடந்து வந்தால் பக்கத்துக் கடையில் நுழைந்து வேண்டாத ஏதாவதை விலை கேட்பார். வீட்டில் ஏழு சோப்பு டப்பா சேர்ந்துவிட்டது. வந்து நாலு திட்டுத் திட்டிவிட்டுப் போனால் தேவலை என்று தோன்றியது. வாடிக்கைக்காரர்கள் திட்டுவது அவருக்குப் புதிதில்லை. திட்டினால் எதிர்த்துப் பேசலாம், பூசி மெழுகலாம். இவர்கள் நல்லா இருந்தது என்று சொல்லிவிட்டார்களே, இதை என்ன செய்வது?

பன்னிரண்டாம் நாள் ஒரு போன் வந்தது. ரிட்டயர் ஆன நர்ஸாம். அக்காவையும் கூட்டிக்கொண்டு ஏரிக்கரை ஊர் ஒன்றுக்குப் போக வேண்டுமாம்.

"லேத்துப் பட்டறைக்காரர்தான் உங்க நம்பரைக் கொடுத்தாரு சார். கண்ணை மூடிக்கிட்டு நம்பலாம், எல்லா இடத்தையும் தானே போய்ப் பாத்துட்டுத்தான் அனுப்புவாருன்னு சொன்னாரு."

ஊர்சுற்றிக்குக் காது மடல் சுட்டது. நாளைக்குப் பேசுகிறேன் என்று போனை வைத்துவிட்டுச் சட்டையை மாட்டினார்.

"எங்கே?" என்றார் மனைவி.

"பட்டறைக்கு."

அந்தம்மா வாயில் கவ்வியிருந்த நூலைப் பல்லால் அறுத்துவிட்டுத் தலையை மட்டும் ஆட்டினார்.

பட்டறையில் லேத் ஓடிக்கொண்டிருந்தது. இரும்புச் சீவல் சுருள் சுருளாக வந்து காலடியில் விழுந்தது. லேத்தில் சூடு தணிய ஊற்றும் சோப்புத் தண்ணீர் வாடை. லேத்துக்காரர் இவரைப் பார்த்ததும் வாயெல்லாம் பல்லாக, "வாங்க தம்பி, வாங்க! அந்த நர்ஸம்மா பேசினாங்களா?" என்றார்.

"அண்ணே, அந்தப் படி…"

"அடடே, அதுக்கா வந்தீங்க? யாராவது சொல்லிட்டாங்களா?" லேத்துக்காரர் கைப்பிடியைச் சுழற்றியபடியே பேசினார். "அதை விடுங்க தம்பி. நீங்க போனப்ப இருந்திருக்காது. அப்புறமாக் கட்டியிருப்பாங்க. அவகிட்டயும் அதேதான் சொன்னேன். முதுகுல தூக்கிப் பாத்தேன். இருபது படி இறங்கினேன், என் முட்டி நடுங்க ஆரம்பிச்சிருச்சு. இறக்குடா கிழவாங்கறா. திரும்பி மேல வந்துட்டோம். வேற கடற்கரைக்குப் போகலாம்னா மூணு மணி நேரம் கார்ல உக்காரணும், இடுப்பு தாங்காது. அப்புறம் பாத்ரூம் பக்கெட்டை எடுத்துக்கிட்டு நானே இறங்கினேன்."

"பக்கெட்டா?"

"ஆமா. கடல் தண்ணி. பாதி வழியிலேயே சிந்திருச்சு, மேல வரும்போது அரை பக்கெட் இருந்துச்சு. அவளை ஜன்னலோரம் உக்கார வச்சுக் கால்ல ஊத்தினேன். ரூம் பூரா மணலாப் போச்சு. கூட்ட வந்த பொண்ணு என்னைப் பாத்த பார்வை இருக்கே!" சிரித்தார். "தினம் ஒரு தடவை ஊத்தினேன். நாலு நாளும்."

ஊர்சுற்றி சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, நான் அங்க போனதே இல்ல."

லேத் சத்தத்தில் கேட்கவில்லை போல. "என்ன?"

"போனதே இல்லண்ணே. அந்த ஊருக்கு மட்டுமில்ல, எந்த ஊருக்குமே. செருப்பைக் கையில தூக்கினேன்னு சொன்னது பொய். கேட்டுச் சொல்லியிருக்கலாம், கேக்கல."

லேத்துக்காரர் கையை நீட்டி சுவிட்சை அணைத்தார். லேத் உடனே நிற்கவில்லை. சுற்றிச் சுற்றி, வேகம் குறைந்து, அப்புறம்தான் நின்றது. அது நிற்கும் வரை இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

லேத்துக்காரர் பழந்துணியை எடுத்துக் கையைத் துடைத்தார். எண்ணெய் போகாது என்று தெரிந்தும் விரல் விரலாகத் துடைத்தார். "நாலு பேர்கிட்டச் சொல்லிட்டேனே," என்றார். யாரிடமோ சொல்வது போல. "கண்ணை மூடிக்கிட்டு நம்பலாம்னு சொல்லிட்டேனே." பிறகு பின்பக்கக் கதவைக் காட்டினார். "உள்ள இருக்கா. அவகிட்டயும் நீங்களே சொல்லிடுங்க. என்னால ஆகாது."

அந்த அம்மா உள்ளே கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தார். ஊர்சுற்றி வாசற்படியிலேயே நின்று, சொல்ல வேண்டியதைச் சொன்னார். இரண்டாம் தடவை சொல்வது சுலபமாக இருக்கும் என்று நினைத்தது தப்பு.

"தெரியும்," என்றார் அந்த அம்மா.

"அண்ணி?"

"படி பூரா பாசி. நடுவுல குழி விழுந்து தேஞ்சு கெடக்கு. அவங்க தாத்தா காலத்துல கட்டினதா இருக்கும். அதை நேத்துக் கட்டினாங்கன்னு இவரு சொல்றாரு, நானும் ஆமா ஆமான்னேன்." மடித்த துணியை மறுபடி பிரித்தார். "அவர்கிட்டச் சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன்."

"என்னத்துக்குச் சொன்னீங்க? அவரு சந்தோஷமா இருந்தாரே. படிதான் புதுசு, தம்பி சொன்னது பொய்யில்லைன்னு நெனச்சுக்கிட்டுத்தான் அத்தனை தடவை பக்கெட்டைத் தூக்கினாரு. ஏமாத்திட்டாங்கன்னு தெரிஞ்சிருந்தா அன்னைக்கே மூட்டையைக் கட்டியிருப்பாரு. எனக்கு அந்த அரை பக்கெட்டும் கிடைச்சிருக்காது."

பட்டறையில் லேத் சத்தம் கேட்கவில்லை. இரண்டு பேரும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். கேட்கவே இல்லை.

"இப்ப பாருங்க, இன்னைக்கு வேலை செய்ய மாட்டாரு," என்றார் அந்த அம்மா. "சரி, போங்க தம்பி."

போங்க என்றதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அதைப் பிடித்துக்கொண்டாவது நடந்திருப்பார். பட்டறை வழியாக வெளியே வரும்போது லேத்துக்காரர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். நிமிரவில்லை. ஊர்சுற்றி கூனிக் குறுகி, சீவலில் செருப்பு நறநறக்கத் தெருவுக்கு வந்தார்.

மறுநாள் காலையில் நர்ஸம்மாவுக்கு அவரே போன் போட்டார். ஏரிக்கரையைப் பற்றி நோட்டில் இருந்ததைச் சொன்னார். எல்லாம் கேட்டுவிட்டு நர்ஸம்மா, "படகுத் துறை வரைக்கும் சமதரைதானே சார்? எங்க அக்காவுக்கு மூட்டு வலி. நீங்க போயிருக்கீங்கல்ல?" என்றார்.

மிஷின் நின்றது.

"இல்லம்மா, நான் போனதில்ல. லேத்துக்காரர்கிட்ட நான் சொன்னது பொய். கேட்டுத்தான் சொல்லணும்."

"சரி, யோசிச்சுச் சொல்றேன்," என்று நர்ஸம்மா போனை வைத்துவிட்டார். இந்தத் தொழிலில் யோசித்துச் சொல்கிறேன் என்று போனவர்கள் திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை. இருந்தாலும் ஊர்சுற்றி ஏரிக்கரை விடுதியின் நம்பரைத் தேடி எடுத்துப் போட்டார்.

"வாசல்ல இருந்து படகுத் துறை வரைக்கும் எத்தனை படி?"

"கொஞ்சம்தான் சார்."

"கொஞ்சம்னா?"

"எண்ணினதில்ல சார்."

"எண்ணிட்டு வாங்க. நான் லைன்லயே இருக்கேன்."

"இப்பவா? சார், நீங்க எங்க இருந்து பேசறீங்க?"

ஊர்சுற்றி மனைவியைப் பார்த்தார். அந்தம்மா துணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மிதியில் கால் இல்லை.

"வீட்டுல இருந்து," என்றார். "வீட்டுலதான் இருக்கேன்."

மிதியில் கால் வந்தது. மிஷின் ஓட ஆரம்பித்தது. அந்தப் பக்கம் யாரோ செருப்பைத் தேய்த்துக்கொண்டு நடந்துபோகும் சத்தம் கேட்டது. ஊர்சுற்றி நோட்டைத் திறந்து, பேனா மூடியைக் கழற்றிக் காத்துக்கொண்டிருந்தார்.