குர்பான் கடாவுக்குக் காவல் வைத்த துவக்கு

நரிக்கு எந்தத் தோட்டா போடுவது என்று கேட்டால் நான் ஒரு மணித்தியாலம் கதைப்பேன். பொம்பிளைக்கு என்னத்துக்கு இந்தக் கதை என்று முகம் சுழிக்கிற ஆம்பிளைகள் முந்தல் பக்கம் நிறைய. சுழிக்கட்டும். என்னைக் கட்டின மாப்பிள்ளை மௌத்தான பிறகு தென்னங்காணியும் இரட்டைக்குழல் துவக்கும் என் பேருக்கு வந்தன. அனுமதிப்பத்திரம் எழுதின கிளாக்கர் "நீங்களா?" என்று மூன்று தரம் கேட்டார். மூன்று தரமும் "ஓம், நான்தான்" என்றேன். இவ்வளவு வாய் இருந்தும், அந்தத் துவக்கால் நான் செய்த ஒரு பிழையை மட்டும் யாரிடமும் சொல்லாமல் பல மாதம் வைத்திருந்தேன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தோட்டாவுக்குள் இருப்பது ஒரு குண்டு இல்லை, பல சன்னங்கள். வெளியே வந்ததும் விரிந்துகொண்டே போகும். எவ்வளவு விரியும் என்பது குழல் வாயைப் பொறுத்தது. என் துவக்கில் வலது குழல் வாய் திறந்தது, இடது குழல் வாய் நெருக்கினது. அந்த நெருக்கத்தைத்தான் சோக் என்பார்கள். ஐம்பது சத நாணயக் குத்தியை வைத்துப் பாருங்கள், வலதுக்குள் போகும், இடதின் விளிம்பிலேயே நின்றுவிடும். குழலுக்கு ஒரு விசை, முன் விசை வலதுக்கு, பின் விசை இடதுக்கு.

நான் மற்றவர்களின் வாய்ப்பேச்சை நம்புகிறவள் இல்லை. உரப்பையைத் தென்னையில் கட்டி, முப்பது காலடி தள்ளி நின்று சுட்டு, ஓட்டைகளை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினேன். எஸ்.ஜி. தோட்டாவில் பெரிய சன்னம் ஒன்பது. நெருக்கின குழலில் ஒன்றோடொன்று முட்டிக் கண்டபடி போயின, நடுவால் ஒரு நரி சுகமாக நடந்து போகலாம். நாலாம் நம்பர் பொடிச் சன்னம். திறந்த குழலில் அரிசி இறைத்த மாதிரி பரவும். நரி சாகாது, நொண்டிக்கொண்டு போய்க் கண்டல் பற்றைக்குள் கிடந்து நாறும், அது பாவம். பீ.பீ. இடைப்பட்டது. இடது குழலில் போட்டால் ஒரு சுளகு அளவுக்குள் அத்தனையும் விழுந்தன. ஆகவே நரிக்கு பீ.பீ., இடது குழல், பின் விசை. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இனி என் ராத்தாவின், கூடப்பிறந்த மூத்தவளின், கதைக்கு வருகிறேன். ராத்தாவின் வீடு என் காணிக்கு அடுத்த வேலி. அவளுக்கு ஒரே மகன். ஆலங்குடாவிலிருந்து படகில் கடலுக்குப் போனவன் திரும்பவில்லை. படகு கவிழ்ந்து கரை ஒதுங்கியது, பிள்ளை ஒதுங்கவில்லை. மையித்து இல்லாமல் எதை அடக்குவது? இரண்டு வருசத்துக்கு மேல் ஆனது. ராத்தாவின் புருசன், என் மச்சான்தான் கடைசியில் வாயைத் திறந்தார். "வார ஹஜ்ஜுப் பெருநாளைக்கு மகன்ட பேரில ஒரு குர்பான் குடுப்பம். இனியும் அவன் ஹயாத்தோட இருக்கான் எண்டு சொல்லிக்கொண்டு இருக்கேலாது." ராத்தா ஒரு சொல்லும் மறுத்துப் பேசவில்லை. மகன் கடலுக்குப் போன அதே மாதம் பிறந்த கடா ஒன்று வீட்டில் வளர்ந்திருந்தது. அதையே கொடுப்பதென்று முடிவானது.

அறுத்துப் பங்கிடுகிற குர்பான் கடாவில் ஊனம் இருக்கக் கூடாது. நொண்டி ஆகாது, காது அறுந்தது ஆகாது, ஒரு கண் தெரியாவிட்டாலும் ஆகாது. ராத்தா அதைக் கையிலேயே வைத்து வளர்த்தாள். "வாப்பா, வாங்க" என்றுதான் கூப்பிடுவாள். மகனையும் அப்படித்தான் கூப்பிட்டாள்.

பெருநாளுக்குப் பத்து நாள் இருக்கும்போது நரிகள் வந்தன. கைவிட்ட இறால் தொட்டிகளுக்குள் அவை குடியிருக்கின்றன. அக்கம்பக்கத்தில் மூன்று ஆட்டுக்குட்டிகள் போயின. கட்டிக் கிடக்கிற ஆடு ஓடவும் முடியாது. நான் துவக்கோடு காவலுக்குப் போனேன். ராத்தா பதறினாள்.

"வெடி வைக்காத புள்ள, அதுல பட்டா?"

"பொடித் தோட்டாதான் பரவும் ராத்தா. நான் போடுறது பரவாது. நீங்க பேசாம இருங்க."

இடதில் பீ.பீ. போட்டேன். வலதில் நாலாம் நம்பர் ஏற்கனவே கிடந்தது, தேங்காய்க்கு வரும் குரங்கு வெருட்டப் போட்டது. அதைக் கழற்றியிருக்கலாம். கழற்றவில்லை. எல்லாம் தெரிந்தவள் என்ற திமிர், வேறென்ன!

அஸர் தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்தேன். வெயில் இறங்கும் நேரம் மூன்று நரிகள் வேலியை நுழைந்து வந்தன. நேரே கடாவிடம் போயின. கடா கயிற்றை இழுத்துக்கொண்டு கத்தியது, உள்ளேயிருந்து ராத்தா "மகன்!" என்று கத்தினாள். அந்தச் சத்தத்தில், குரங்குக்குச் சுட்டுச் சுட்டுப் பழகின விரல் முன் விசைக்குப் போய்விட்டது. வலது குழல் வெடித்தது.

நரிகள் ஓடின, ஒன்று நொண்டிக்கொண்டு. கடா நின்றது. ராத்தா ஓடிப்போய் அதன் உடம்பெல்லாம் விரல் விட்டுத் தடவினாள். இடது இமையில் ஒரு சொட்டு இரத்தம், அவ்வளவுதான். முந்தானையால் துடைத்துவிட்டு "அல்ஹம்துலில்லாஹ், ஒண்டுமில்ல" என்றாள்.

அடுத்த நாள் காலை பலா இலை கொடுக்கப் போனேன். இடது பக்கத்தால் நீட்டினேன். கடா திரும்பவில்லை. கண்ணுக்கு முன்னால் கையை வீசினேன். இமைக்கவில்லை. கண் மட்டும் தெளிவாக, ஒரு கீறலும் இல்லாமல் இருந்தது; இமைக்கு மேலால் ஏறின சன்னம் உள்நரம்பை எடுத்திருக்க வேண்டும். யா அல்லாஹ்! பெரிய வாய்க்காரி நான், அன்றைக்கு இலையைப் போட்டுவிட்டு வேலியைத் தாண்டி வீட்டுக்கு நடந்தேன். சொன்னால் அவள் வளர்த்ததெல்லாம் மண்ணாகும். சொல்லாவிட்டால் அவள் மகனுக்குக் கொடுப்பது கபூலாகாது, அல்லாஹ் ஏற்கமாட்டான். பயத்தில் சொல்லாமலே விட்டேன்.

பெருநாளன்று பள்ளி லெப்பை வந்து பல்லைப் பார்த்தார், காலைப் பார்த்தார், கண்ணையும் பார்த்தார். நல்ல கடா என்றார். இடது பக்கமாகக் கிப்லாத் திசைக்குப் படுக்க வைத்தார்கள். பார்வையில்லாத கண் மண்ணில் கிடந்தது. மச்சான் அழுதுகொண்டே மகனின் பெயரைச் சொன்னார். ராத்தா அழவில்லை. அவள் கல்லாகிவிட்டாள் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு எனக்கு நிம்மதி இல்லை. பகலில் லுஹர் தொழுத பிறகு கொஞ்சம் கண்ணயர்ந்தால் வாசலில் ராத்தாவின் மகன் ஈரச் சட்டையோடு வந்து நிற்பான். "சாச்சி, எனக்கு ஒண்டும் வந்து சேரல்லியே" என்பான். திடுக்கிட்டு எழும்பினால் வாசலில் யாரும் இருக்கமாட்டார்கள். ஆனாலும் நிலம் ஈரமா என்று குனிந்து தொட்டுப் பார்ப்பேன். மஃரிபுக்கு நரி ஊளையிட்டால் தொழுகையில் எத்தனையாவது ரக்அத் என்பதே மறந்துபோகும். ஒருநாள் நொண்டி நரி வேலிக்கு வெளியே நின்று என்னையே பார்த்தது. துவக்கை எடுக்க என் கை எழவில்லை.

கடைசியில் தாங்க முடியாமல் ஒரு முற்பகல் ராத்தாவிடம் போனேன். அவள் குசினி வாசலில் இருந்து மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். வலது குழல், முன் விசை, இமைக்காத கண், எல்லாவற்றையும் கொட்டினேன். ஏசுவாள், துவக்கைக் கிணற்றில் போடு என்பாள் என்று காத்திருந்தேன்.

அவள் மீனைக் கழுவி வைத்துவிட்டுத்தான் பேசினாள்.

"எனக்கு அண்டைக்கே தெரியும் புள்ள. கையில வளர்த்தவள் நான். எந்தக் கண் பார்க்குது, எந்தக் கண் பார்க்கல்ல எண்டு எனக்குத் தெரியாதா?"

"அப்ப ஏன் ராத்தா குடுத்தீங்க?"

"கண் தெரியாத கடா குர்பானாகாது. ஆகாட்டி, அது மௌத்தானவனுக்குக் குடுத்ததும் ஆகாது. நான் என்ட மகனை இன்னும் மௌத்தாக்கல்ல."

அவள் என் பக்கம் திரும்பவேயில்லை, பின்வளவைக் காட்டினாள். அங்கே ஒரு புதுக் கடா கட்டியிருந்தது, கொழுத்தது, இரண்டு கண்ணும் பளிச்சென்று.

"மச்சான் வார பெருநாளைக்கும் அவன் பேரில குடுக்கப் போறாராம். நீ இதுக்கும் காவலுக்கு வா. அந்தப் பொடித் தோட்டாவையே போடு."

அல்லாஹ் என்னை மன்னிக்கட்டும். ஓம் என்று சொல்லிவிட்டேன்.