சிவப்பு மச்சான் பேசிய தமிழ்

முபீனாவுக்கு ஒன்பது வயசில், போடிமெட்டு மலைப்பாதையில் ஜீப்பு கவிழ்ந்து இடது கால் முறிந்தது. மலைமேல் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுக் குடும்பத்தோடு இறங்கி வந்த நேரம். மற்றவர்களுக்குச் சிராய்ப்போடு போயிற்று. அவளுக்கு மட்டும் மதுரை ஆஸ்பத்திரி, மாவுக்கட்டு, அந்த வருஷம் பள்ளிக்கூடம் இல்லை என்று ஆனது.

அவளுடைய அண்ணன் ஃபயாஸ் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு, போடியில் வீடியோ கேசட் வாடகைக் கடை வைத்திருந்தான். ஏலக்காய்க்கு நல்ல விலை கிடைத்த வாரமென்றால் டெக்கும் டிவியும் சேர்ந்தே வாடகைக்குப் போகும். ஒரே ஒரு கேசட்டைத்தான் யாரும் தொடுவதில்லை. மதுரையில் மொத்தமாக வாங்கிய கேசட்டுகளோடு கலந்து வந்த இங்கிலீஷ் கார்ட்டூன் அது. தொப்பை போட்ட ஒரு பறக்கும் வீரன், முதுகில் சிவப்புத் துணியைக் கட்டிக்கொண்டு ஊரைக் காப்பாற்ற வருவான். அதைக் கேட்டுக் கடைக்கு ஒருத்தரும் வராததால் அந்தக் கேசட் வீட்டிலேயே தங்கிவிட்டது.

மத்தியானம் சாப்பிட வரும் ஃபயாஸ் அதை டெக்கில் போடுவான். சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிட்டு, தங்கையின் கட்டிலோரம் உட்கார்ந்து தானே தமிழில் பேசுவான். வீரனுக்கு அவன் வைத்த பெயர் சிவப்பு மச்சான். அண்ணனுக்கு இங்கிலீஷ் தெரியும், அதனால் அப்படியே மாற்றிச் சொல்கிறான் என்று முபீனா நம்பினாள்.

சிவப்பு மச்சான் எங்கேயும் நேரத்துக்கு வந்ததில்லை. வீடு தீப்பிடித்தால் அணைந்த பிறகு வருவான். திருடன் வந்தால் போலீஸ் பிடித்துக்கொண்டு போன பிறகு வருவான்.

"மன்னிச்சுக்கங்கப்பா, குரங்கணி பஸ்சு பஞ்சராயிருச்சு. எறங்கிப் பறந்து வர்றேன்" என்பான் ஃபயாஸ், மூச்சிரைக்கும் குரலில்.

"பறக்கத் தெரிஞ்சவரு எதுக்கண்ணே பஸ்சுல வந்தாரு?"

"டிக்கெட்டு எடுத்துட்டாருல்ல புள்ள. வீணாப் போயிருமே."

கட்டு அசையக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். முபீனா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். அம்மா அடுப்படியிலிருந்து அண்ணனைத் திட்டுவாள்.

கால் சரியாகி அவள் பள்ளிக்கூடம் போனாள். சில வருஷத்தில் தெருவெல்லாம் கேபிள் டிவி வந்தது. ஃபயாஸ் கடையை மூடி, கேசட்டுகளைப் பழைய சாமான்காரனிடம் போட்டுவிட்டு, சவுதியில் தம்மாம் நகரத்துக் கம்பெனி ஒன்றில் வேலைக்குப் போனான். முபீனா தபாலில் பட்டம் படித்தாள். ஒரு ஏலக்காய் வியாபாரியின் ஆபீசில் கம்ப்யூட்டர் வேலை கிடைத்தது. கல்யாணமும் முடிவாயிற்று. எப்படியும் வந்துவிடுகிறேன் என்று ஃபயாஸ் சொல்லியிருந்தான். லீவு கிடைக்கவில்லை. கல்யாணம் முடிந்து வெகுநாள் கழித்து, அவள் புகுந்த வீட்டு வாசலில் பெட்டியோடு வந்து நின்றான்.

"மன்னிச்சுக்க புள்ள, பஸ்சு பஞ்சராயிருச்சு."

அவள் சிரித்தாள், அப்புறம் அழுதாள். கணவர் வீட்டாருக்கு ஒன்றும் புரியவில்லை.

அடுத்த லீவில் அவனுக்குக் கம்பத்து ரஹ்மத்துன்னிசாவைக் கட்டிவைத்தார்கள். அவளோடு அவன் வாழ்ந்ததெல்லாம் லீவுக்கு வந்த நாட்கள்தான். பிள்ளை இல்லை. கொரோனா வந்த வருஷம் தம்மாமிலேயே காய்ச்சலில் இறந்தான். அடக்கமும் அங்கேயே நடந்தது. அடக்கம் செய்த மண்ணை யாரோ போனில் படம் பிடித்து அனுப்பினார்கள்.

அதற்குப் பிறகுதான் முபீனா அந்தக் கார்ட்டூனைத் தேட ஆரம்பித்தாள். அண்ணனின் போட்டோக்கள் இருந்தன. குரல் இல்லை. போனில் பேசியதை அவள் பதிந்து வைத்ததே இல்லை. சிவப்பு மச்சானைப் பார்த்தால் அந்தக் குரல் காதுக்குள் திரும்பும் என்று நினைத்தாள். ஆனால் படத்தின் பெயரே தெரியாதே. தொப்பை, சிவப்புத் துணி, தாமதம் என்று தெரிந்ததையெல்லாம் இங்கிலீஷில் தட்டித் தேடுவாள். போன வருஷம், பழைய கார்ட்டூன் பிரியர்கள் கூடும் ஒரு இணையக் குழுவில் கேட்டுவைத்தாள். முகம் தெரியாத ஒருவர் ஒரு டிவிடி அட்டையின் படத்தை அனுப்பி, "இதுவா?" என்றார். மின்கம்பத்தில் துணி மாட்டிக்கொண்டு தலைகீழாகத் தொங்கினான் சிவப்பு மச்சான். பெயர் 'கேப்டன் ஹுர்ரே' என்று போட்டிருந்தது.

டிவிடி வெளிநாட்டிலிருந்து வந்து சேர்ந்தபோது போட்டுப் பார்க்க வீட்டில் பிளேயர் இல்லை. மைக்செட் கடை சோணையண்ணனிடம் பழைய பிளேயர் ஒன்று கிடந்தது. தூசி தட்டிக் கொடுத்தார்.

கணவர் சோலியாகச் சிலமலைக்குப் போயிருந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் முபீனா அதைப் போட்டாள். கீழே எழுத்து ஓடியது. அவளுக்கு இப்போது இங்கிலீஷ் புரியும்.

ஊர் எரிகிறது. கேப்டன் ஹுர்ரே ஒரு மேகத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு கடிகாரத்தைப் பார்க்கிறான். தீயணைப்பு வண்டி வந்து எல்லாம் அடங்குகிறது. போட்டோக்காரர்கள் வந்ததும் இறங்கி, "கேமரா எந்தப் பக்கம்?" என்கிறான். மாலை போடுகிறார்கள். சிலை வைக்கிறார்கள். தலைவர்களைக் கேலி பண்ணி எடுத்த படம். அவன் சுத்த ஏமாற்றுக்காரன்.

முபீனா படத்தை நிறுத்தினாள். இதே மேகத்தைக் காட்டிச் சின்ன வயதில் அவள் கேட்டிருந்தாள், "அங்க எதுக்கண்ணே நிக்கிறாரு?" என்று. "மூச்சு வாங்குது புள்ள. அம்புட்டுத் தொப்பையத் தூக்கிக்கிட்டு எம்புட்டுத் தூரம் பறந்து வந்திருக்காரு" என்று சொன்னான் ஃபயாஸ். அண்ணனுக்கு இங்கிலீஷ் தெரியாது என்பது அவளுக்கு இப்போது விளங்கியது. ஆனால் மேகத்துக்குப் பின்னால் ஒருவன் பதுங்குவதைப் புரிந்துகொள்ள இங்கிலீஷ் எதற்கு? அவனும் பார்த்திருப்பான். பார்த்துவிட்டுத்தான், வரத் துடித்தும் வந்துசேர முடியாத ஒருவனைத் தங்கைக்காகப் பேசிக் காட்டியிருக்கிறான்.

சத்தத்தைக் குறைத்துவிட்டு மறுபடி போட்டாள். "மன்னிச்சுக்கங்கப்பா" என்று அவள் வாய் தானாகத் தொடங்கியது. காதில் விழுந்தது தன் குரல்தான். ஆனால் இழுத்த இழுப்பும் இரைத்த மூச்சும் அண்ணனுடையவை. இதை ரஹ்மத்துன்னிசா மதினியும் கேட்கட்டும் என்று பட்டது.

அடுத்த லீவு நாளில் டிவிடியையும் பிளேயரையும் துணிப்பையில் போட்டுக்கொண்டு கம்பத்துக்குப் பஸ் ஏறினாள்.

ரஹ்மத்துன்னிசா அதிகம் பேசாதவள். வீட்டின் முன்னறையில் வளையல், ரிப்பன் கடை வைத்திருந்தாள். "பொம்மைப் படமா? நமக்கெதுக்கு?" என்றாள். மதினியின் கையைப் பிடித்து உட்காரவைத்து, படத்தைச் சத்தமில்லாமல் ஓடவிட்டு, முபீனா கூச்சத்தோடு அண்ணனைப் போலப் பேச ஆரம்பித்தாள். பஸ் டிக்கெட் வந்த இடத்தில் ரஹ்மத்துன்னிசா சத்தமாகச் சிரித்தாள். அப்புறம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அவுக இப்படியெல்லாம் பேசுவாகளா?"

"அண்ணே பேசும், மதினி. இதுக்கு மேலயும் பேசும்."

"எங்கிட்டப் பேசுனதெல்லாம் டிக்கெட்டு போட்டாச்சு, பெட்டி கட்டணும், இதுதான். வந்தா வீடு நெறைய ஆளு. அவுக சிரிச்சதே அடுத்த ரூமுல இருந்துதான் கேட்டிருக்கேன்."

வந்திருக்கக் கூடாதோ என்று முபீனாவுக்குப் பட்டது. பிளேயரை அணைக்கப் போனாள்.

"இருக்கட்டும்" என்றாள் ரஹ்மத்துன்னிசா.

திரையில் வீரன் ஒரு ஜன்னலைக் கடந்து பறந்தான். உள்ளே ஒரு பெண் கைக்குட்டையை ஆட்டினாள். ஃபயாஸ் அவளைப் பேசவைத்ததே இல்லை. பக்கத்திலிருந்து மெல்லிய குரல் வந்தது.

"வாங்க. சோறு ஆறிப்போச்சு. சூடு பண்ணித் தர்றேன்."

ரஹ்மத்துன்னிசா திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இதற்கு அண்ணன் சொல்லிவைத்த பதில் எதுவும் முபீனாவிடம் இல்லை. அண்ணனைப் போல மூச்சை இரைத்துக்கொண்டு சொன்னாள்.

"ஆறுனா என்ன. போடு, உக்காந்து சாப்பிடுறேன்."

சாயங்காலம் பள்ளிவாசலில் அஸர் பாங்கு சொல்லும்வரை அவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

டிவிடியும் பிளேயரும் இப்போது கம்பத்தில்தான் இருக்கின்றன. லீவு கிடைக்கும்போது முபீனா போகிறாள். ஜன்னலில் நிற்கும் பெண்ணுக்கு வசனம் கூடிக்கொண்டே போகிறது. எது அண்ணன் சொன்னது, எது தாங்கள் சேர்த்தது என்று சில இடங்களில் முபீனாவுக்கே பிடிபடுவதில்லை. அது அவளுக்கு வருத்தம்தான். மதினியிடம் அதை அவள் சொல்லவில்லை.