பிழையான உறைக்குள் போன விண்ணப்பம்

எழுபதுகளின் நடுப்பகுதியில், ஓர் ஆவணி மாதம், என் மூத்த மகள் செல்வமலருக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. வீட்டில் ஒருவரும் சிரிக்கவில்லை. படிப்பு இலவசம். விடுதி, சாப்பாடு, புத்தகம் இலவசமல்ல. நான் திருகோணமலைத் துறைமுகத்தில் சரக்கு எண்ணிப் பதியும் கிளாக்கர். சம்பளம் வீட்டுக்கே போதாது. உப்புவெளியில் இருந்த துண்டுக் காணி மகளின் சீதனத்துக்கென்று வைத்தது.

"காணியை வித்துப் படிப்பிச்சால், பிறகு இவளை ஆர் கட்டுவான்?" என்றாள் மனைவி.

"படிச்சால் நான் உழைப்பன் அம்மா. காணி உழைக்குமோ?" என்றாள் மகள்.

இருவர் சொன்னதும் எனக்குச் சரியாகவே பட்டது. முடிவெடுக்க ஏலவில்லை. இடத்தை ஏற்கும் படிவத்தை மட்டும் நிரப்பினேன். பிறகு ஆண்டவருக்கு ஒரு விண்ணப்பம் எழுதினேன். "இவளைப் படிப்பிக்க எனக்கு வழியில்லை. வேண்டாமென்று எழுதவும் மனமில்லை. வழி காட்டும்." கீழே மகளின் முழுப் பெயரையும் பரீட்சைச் சுட்டெண்ணையும் எங்கள் விலாசத்தையும் எழுதினேன். ஆண்டவருக்கு எழுதினாலும் விபரம் விடுவது என் வழக்கமல்ல.

எங்கள் சபையில் விண்ணப்பப் பெட்டி ஒன்று உண்டு. மாதத்தின் முதல் வெள்ளி, உபவாச ஜெபத்தில் போதகர் அதைத் திறந்து, ஒவ்வொன்றாய் வாசிப்பார். சபை ஜெபிக்கும். படிவத்தை ஓர் உறையிலும் விண்ணப்பத்தை இன்னோர் உறையிலும் வைத்து ஒட்டி, ஒன்றைத் தபாலிலும் மற்றதைப் பெட்டியிலும் போட்டேன்.

அந்த வெள்ளி போதகர் என் உறையைப் பிரித்து வாசித்தார்: "விண்ணப்பதாரியின் முழுப்பெயர். பிறந்த திகதி." நிறுத்தி என்னைப் பார்த்தார். "அண்ணை, இதுக்கு நாங்கள் எப்பிடி ஜெபிக்கிறது?"

சபை சிரித்தது. படிவம் சேரவேண்டிய கடைசி நாள் போய் மூன்று நாள் ஆகியிருந்தது. பல்கலைக்கழகத்துக்குப் போனது என் ஜெபம்.

"கப்பல்ல ஒரு மூட்டை குறைஞ்சாலும் பிடிக்கிற மனுசன்!" என்று மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். மகள் கொடியில் காய்ந்த உடுப்புகளை எடுத்து மடிக்கத் தொடங்கினாள். அவள் ஏசியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். அன்று நான் ஜெபிக்கவும் இல்லை. என்ன கேட்பது என்று தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை ஒரு கடிதம் வந்தது. அனுமதிப் பிரிவில் வேலைசெய்யும் ஒருவர் தம் கையால் தமிழில் எழுதியிருந்தார்.

"ஐயா, நீங்கள் கர்த்தருக்கு எழுதியது எங்கள் மேசைக்கு வந்துவிட்டது. சுட்டெண் இருந்தபடியால் ஆளைக் கண்டுபிடித்தேன். மேலதிகாரியிடம் கேட்டு அடுத்த வெள்ளி வரை இடத்தை வைத்திருக்கிறோம். மகளிடம் படிவத்தைக் கொடுத்து அனுப்புங்கள். வசதி குறைந்த பிள்ளைகளுக்கு உதவிப்பணம் உண்டு. அந்தப் படிவமும் இத்துடன் இருக்கிறது."

அப்படி ஓர் உதவிப்பணம் இருப்பதை அதுவரை எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. நான் உறைகளை மாற்றாமல் சரியாகப் போட்டிருந்தால் இடம் இருந்திருக்கும். அவளை அனுப்ப வழி இருந்திருக்காது.

புதன் காலை நானும் மகளும் பஸ் ஏறினோம். உதவிப்பணம் கிடைத்தது.

படித்து முடித்த செல்வமலர் கிளிவெட்டிப் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்தாள். சில வருடங்களில் அவளிடம் படித்த ஒரு விவசாயியின் மகள் பல்கலைக்கழகம் போனாள். உதவிப்பணப் படிவத்தை நிரப்பிக் கொடுத்தது செல்வமலர்தான்.

முன்பு நான் ஜெபிக்கும்போது, பதில் எந்த வழியால் வரவேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்வேன். இப்போது தேவையை மட்டும் சொல்கிறேன். பிள்ளையின் படிப்பை நிறுத்துவதா என்று இன்று யோசித்துக்கொண்டிருப்பவரே, உங்கள் தேவையையும் ஆண்டவரிடம் சொல்லுங்கள். "வேண்டாம்" என்று மட்டும் நீங்களாக எழுதிவிடாதீர்கள்.