பஸ்ஸோடு ஜப்தியான அமீனா

இன்று ஜங்ஷன் பக்கம் ஒரு டிராவல்ஸில் டிக்கெட் எடுக்கப் போனேன். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது.

"பஸ்ஸெல்லாம் ஃபுல்லாத்தான் போகுதுங்க. தாய்க் கம்பெனிதான் படுத்துடுச்சு" என்றார் கவுண்டர்காரர்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எண்பதுகளில் ஸ்ரீரங்கத்தில் நான் மேனேஜராக இருந்த யாத்திரைக் கம்பெனிக்கும் இதே கதிதான். எங்கள் பஸ்ஸில் இடம் கிடைப்பதே கஷ்டம். ஆனால் முதலாளியின் பிஸ்கட் ஃபேக்டரி அரியமங்கலத்தில் நொடித்துப் போனது. அந்த பிஸ்கட்டை நாய்கூட மோந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடும்.

ஒருநாள் நவதிருப்பதிக்குக் கிளம்பிய எங்கள் பஸ்ஸை மன்னார்புரத்தில் கோர்ட் அமீனா மறித்தார். பிஸ்கட் கடனுக்கு பஸ்ஸை ஜப்தி செய்ய வந்திருந்தார்.

"எல்லாரும் இறங்குங்க."

யாரும் அசையவில்லை. முன்சீட்டில் இருந்த கோமளா மாமி கேட்டார்: "நாங்க பெருமாள் சேவிக்கப் போறோம். பிஸ்கட்டுக்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம்?"

"வண்டியை விட்டுட்டுப் போனா என் வேலை போயிடும்மா."

"யார் விட்டுட்டுப் போகச் சொன்னா? ஏறி உக்காருங்கோ!"

ஏறிவிட்டார். மதுரை வருவதற்குள் எல்லார் வீட்டுப் புளியோதரையும் ருசி பார்த்தாயிற்று. ஒன்பது கோயிலிலும் முதல் ஆளாகத் தீர்த்தம் வாங்கினார்.

ஊர் திரும்பியதும் பஸ்ஸும் போயிற்று, என் வேலையும் போயிற்று. சாவியை வாங்கிக்கொண்டு அமீனா மெதுவாகக் கேட்டார்:

"சார், ஏலம் போறதுக்குள்ள ராமேஸ்வரம் ஒண்ணு போட முடியுங்களா?"

ஜப்தி செய்ய வந்தவரே அடுத்த டூருக்கு சீட் கேட்ட கம்பெனி வேறு எங்காவது உண்டா? இருந்தால் சொல்லுங்கள்.